மலையூர்க் குளிரில் லவ் பேர்ட்ஸ்: ராத்திரிக்குக் கூண்டைத் தயார் செய்வது

ராத்திரி ஒன்பது மணிக்கு லைட்டை அணைக்கப் போகும்போது கூண்டுப் பக்கம் கண் போகிறது. பறவை பந்து மாதிரி உப்பிக்கொண்டு, ஒரு காலை வயிற்று இறகுக்குள் இழுத்து வைத்து, தலையைப் பின்னால் திருப்பி முதுகில் அலகைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஐயோ குளிருது போல என்று மனசு அடித்துக்கொள்ளும், ஒரு கம்பளியை எடுத்து வந்து கூண்டை மூட்டையாகக் கட்டிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அது சுகமாகத் தூங்குகிறது. அந்த உப்பல்தான் அதன் போர்வை. இறகுகளுக்கு இடையில் காற்றைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறது. இறகு இல்லாத இடம் இரண்டுதான், காலும் அலகும். இரண்டையும் உள்ளே மறைத்துவிட்டது. நம்மைவிட நன்றாகப் போர்த்திக்கொண்டிருக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

நான் குன்னூரில் இருக்கிறேன். ஆறு லவ் பேர்ட்ஸ், கொண்டை வைத்த காக்டெயில் கிளி ஒரு ஜோடி. இங்கே ஐப்பசி, கார்த்திகையில் மழையும் மூடுபனியுமாக எல்லாம் சொதசொதவென்று இருக்கும், தை, மாசியில் மழை நின்று குளிர் மட்டும் கூர்மையாக இருக்கும். இந்த இரண்டு குளிரும் ஒன்றல்ல, பறவைக்கும் ஒன்றல்ல, அதைப் பிறகு சொல்கிறேன். ஓசூர், கொடைக்கானல், ஏற்காடு, வால்பாறைக்காரர்களுக்கு இதில் பெரும்பாலானவை அப்படியே பொருந்தும். சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம், உங்கள் வீட்டிலும் ஒரு ஊட்டி இருக்கிறது, ஏசி என்று பெயர். அதற்கும் வருகிறேன்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று கடைக்காரர் கொடுக்கிற சின்னப் பறவை உண்மையில் பட்ஜி, ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறண்ட பூமியில் கூட்டம் கூட்டமாகத் திரிகிற கிளி வகை. அந்தப் பூமியின் நடுவில் இருக்கிற ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் ஜூலை மாத இரவு சராசரியாக 4 டிகிரிக்கு இறங்கும். காக்டெயிலும் அதே நாடுதான். ஆகவே குளிர் என்றால் என்னவென்றே தெரியாத பறவைகள் இல்லை இவை. ஆனால் அங்கே காற்று காய்ந்தது, பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும், காற்றடித்தால் மரப்பக்கம் ஒதுங்கிக்கொள்ளலாம், பசித்தால் பறந்து போய்த் தின்னலாம். கூண்டில் இருக்கிறதுக்கு இது எதுவும் கையில் இல்லை. எங்கே வைத்தோமோ அங்கேதான், என்ன போட்டோமோ அதுதான். சிக்கல் எல்லாம் இங்கே இருந்துதான் ஆரம்பிக்கிறது. (பச்சைக்கிளி வளர்க்கிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமே என்று கேட்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளியைக் கூண்டில் வைப்பதே குற்றம்.)

இன்னொன்று, அளவு. ஒரு பட்ஜி 30, 40 கிராம்தான் இருக்கும். உடம்புச் சூடோ 40 டிகிரிக்கு மேல். சின்ன டம்ளரில் ஊற்றிய காபி அண்டாவில் இருக்கிற காபியைவிடச் சீக்கிரம் ஆறுகிற கதைதான். அந்தச் சூட்டை ராத்திரி முழுக்கக் காப்பாற்ற அது உள்ளே அடுப்பு எரித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும், வீட்டுக்குக் கதவு வேண்டும், கூரை ஒழுகக் கூடாது. பறவைக்கு ராத்திரி ஏற்பாடு என்றால் இந்த மூன்றுதான்: சாப்பாடு, காற்றுத்தடுப்பு, ஈரம் இல்லாத இடம். பல்பு, ஹீட்டர் எல்லாம் நாலாவது. பலர் நாலாவதில் இருந்து தொடங்குகிறார்கள்.

காற்று எங்கே இருந்து வருகிறது என்று பாருங்கள்

கூண்டு இருக்கிற அறை 14 டிகிரி இருக்கட்டும், காற்று அசையாமல் இருந்தால் முழுசாக வளர்ந்த ஆரோக்கியமான பட்ஜி அதைத் தாங்கிவிடும். அதே அறையில் ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு கோடு மாதிரி காற்று வந்து நேராக அதன் மேல் பட்டுக்கொண்டே இருந்தால் தாங்காது. உப்பிய இறகுக்குள் பிடித்து வைத்த சூடான காற்றை அது ஊதி ஊதிக் கலைத்துவிடும். நாம் மெத்தையில் படுத்திருக்க யாரோ நிமிஷத்துக்கு ஒரு தரம் போர்வையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி.

சோதிக்க ஊதுபத்தி கொளுத்தச் சொல்வார்கள், பறவை இருக்கிற அறையில் அது வேண்டாம். டிஷ்யூ பேப்பரை மெல்லிய நாடாவாகக் கிழித்து, ராத்திரி கூண்டு நிற்கிற இடத்தில், பறவை உட்காருகிற உயரத்தில் பிடித்துப் பாருங்கள். அசைந்தால் அங்கே கூண்டு வைக்கக் கூடாது. இதைப் பகலில் செய்து பயனில்லை, ராத்திரி பத்து மணிக்கு மேல் செய்ய வேண்டும், ஏனென்றால் மலைச்சரிவில் காற்று பகலில் ஒரு திசை, ராத்திரி ஒரு திசை. எங்கள் வீட்டில் பகலில் அசையாத மூலையில் ராத்திரி கதவுக்கு அடியில் இருந்து காற்று ஓடி வந்ததை இப்படித்தான் கண்டுபிடித்தேன். பழைய துண்டு ஒன்றைச் சுருட்டிக் கதவடியில் வைத்தேன், வேலை முடிந்தது, செலவு பூஜ்யம்.

கூண்டை வீட்டின் உள்சுவரை ஒட்டி வையுங்கள். வெளிச்சுவர், அதுவும் வடக்குப் பக்கச் சுவர், ராத்திரியில் ஐஸ் கட்டி. தரையில் வைக்காதீர்கள், குளிர்ந்த காற்று கனம், கீழேதான் தங்கும். நம் நெஞ்சு உயரம் சரி. தகரக் கூரை வீடு என்றால் கூரைக்கு அடியில் விடியற்காலையில் தண்ணீர் கோர்த்துச் சொட்டும், கவனித்திருப்பீர்கள், அந்தச் சொட்டு விழுகிற இடத்துக்கு நேர் கீழே கூண்டு இருக்கக் கூடாது. சமையலறையும் வேண்டாம். கதகதப்பாக இருக்கிறதே என்று அங்கே கொண்டு போய் வைக்கிறவர்கள் உண்டு, அது ஏன் ஆபத்து என்பது கீழே.

துணி போடுவது

பழைய பருத்திப் பெட்ஷீட், இல்லாவிட்டால் இரண்டாக மடித்த வேட்டி போதும். பின்பக்கம், இரண்டு பக்கவாட்டு, மேலே. முன்பக்கத்தில் கால்வாசியாவது திறந்திருக்கட்டும். நாலு பக்கமும் இறுக்கி மூடினால் பறவை விடுகிற மூச்சின் ஈரமும் எச்சத்தின் வாடையும் உள்ளேயே நிற்கும், காலையில் துணியைத் தூக்கினால் முகத்தில் குப்பென்று அடிக்கும். அப்படி அடித்தால் நீங்கள் ராத்திரி அதிகமாக மூடிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கோணிச்சாக்கு வேண்டாம். நூல் பிரிந்து நகத்தில் சுற்றிக்கொள்ளும், ராத்திரி பயந்து படபடவென்று அடித்துக்கொண்டால் கால் முறியும். டெரி டவலும் அதே கதை, அந்தச் சின்னச் சின்ன நூல் வளையங்களில் நகம் மாட்டும். பிளாஸ்டிக் ஷீட்டைக் கூண்டின் மேல் நேராகச் சுற்றவே கூடாது. வெளியே பெரிய கூண்டாகக் கட்டி வைத்திருக்கிறவர்கள் மட்டும் காற்று வருகிற பக்கத்தில் தார்ப்பாய் இறக்கலாம், அதுவும் மேலே ஒரு முழம் இடைவெளி விட்டு, ஈரம் போக வழி வைத்து.

நான் சொன்னேனே இரண்டு வகைக் குளிர் என்று, கார்த்திகை மாதக் குளிர்தான் மோசமானது. தெர்மாமீட்டரில் 13 காட்டும், ஒன்றும் பெரிதில்லை, ஆனால் துணி காயாது, தட்டில் விழுந்த எச்சம் காயாது, சிந்திய தினை ஒரே நாளில் பூசணம் பிடிக்கும். பறவையின் நுரையீரலுக்குப் பின்னால் காற்றுப் பைகள் உடம்பு பூராவும் போகின்றன, பூசணத் தூளை இழுத்தால் அங்கே போய்த் தங்கி வளர்ந்துவிடும், அப்புறம் குணப்படுத்துவது ரொம்பக் கஷ்டம். அதனால் மழைக்காலத்தில் அடித்தட்டுச் செய்தித்தாளைத் தினமும் மாற்றுங்கள், மூடுகிற துணி இரண்டு செட் வைத்து மாற்றி மாற்றிக் காயப் போடுங்கள். காயாத துணியைப் போடுவதைவிடப் போடாமல் இருப்பது மேல். குளிக்கிற கிண்ணத்தை மத்தியானம் இரண்டு மணிக்குள் எடுத்துவிடுங்கள். இவைகளுக்கு நேரம் காலம் தெரியாது, மார்கழி மாலை ஐந்து மணிக்கும் கிண்ணத்தில் இறங்கிக் குதூகலமாக முங்கும். ஈர இறகு உப்பாது. உப்பாவிட்டால் போர்வை இல்லை.

ராத்திரிச் சாப்பாடு

பறவைக்குத் தொண்டைக்குக் கீழே, நெஞ்சுக்கு மேலே தீனிப்பை என்று ஒன்று உண்டு. கோழி வளர்த்தவர்கள் சாயங்காலம் கோழி அடையும்போது தடவிப் பார்ப்பார்களே, அதேதான். பொழுது சாயும் முன் அதை நிரப்பிக்கொண்டு, ராத்திரி முழுக்க அதில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிச் செரித்து, அந்தச் சூட்டில்தான் அது விடிய விடிய இருக்கிறது. மார்கழியில் ஆறு மணிக்கு இருட்டிவிடுகிறது. இருட்டில் இவை சாப்பிடாது. நாலரை மணிக்கே மேகம் இறங்கி அறை இருண்டுவிட்டால் பாதி வயிற்றோடு தூங்கப் போகும். ஆகவே ஏழு, ஏழரை வரை அறையில் விளக்கு எரியட்டும், அந்த நேரத்தில் கிண்ணத்தில் புதுத் தினை இருக்கட்டும்.

கிண்ணம் நிறைந்துதான் இருக்கிறது என்று சொல்வீர்கள். ஊதிப் பாருங்கள். பட்ஜி தினையை அப்படியே விழுங்காது, அலகால் உரித்து உள்ளே இருப்பதை மட்டும் தின்றுவிட்டு உமியை அதே கிண்ணத்தில் போடும். மேலே இருந்து பார்த்தால் கிண்ணம் நிறையத் தினை, உள்ளே முழுக்க வெறும் உமி. புதிதாக வளர்க்கிறவர்கள் ஏமாறுகிற முதல் இடம் இதுதான். கிண்ணம் நிறைந்தது மாதிரி தெரிய, பறவை பட்டினி கிடக்கும். தினமும் சாயங்காலம் ஒரு ஊது ஊதி, மேலே புதிதாக இரண்டு ஸ்பூன் போடுவது என் வழக்கம்.

தினையோடு பனிவரகு, சாமை, கொஞ்சம் கம்பு கலக்கலாம். குளிர் மாதத்தில் காக்டெயிலுக்கு நாலைந்து சூரியகாந்தி விதை கூடுதலாகக் கொடுக்கிறேன், எண்ணெய்ச் சத்து சூட்டுக்கு நல்லது, ஆனால் கை நிறையக் கொடுத்தால் அதையே பொறுக்கித் தின்று கொழுத்துப் போகும். கீரை, கொத்தமல்லி, ஊறவைத்த தானியம் எல்லாம் காலை வேளைக்கு. ராத்திரியில் அவை புளித்துப் போகும். குடிக்கிற தண்ணீரைச் சூடாக்க வேண்டியதில்லை. காலையில் பழையதைக் கொட்டிவிட்டு அறைச் சூட்டில் இருக்கிற தண்ணீரை ஊற்றினால் சரி.

உட்காரும் குச்சி

கடையில் கூண்டோடு வருகிற வழவழப்பான பிளாஸ்டிக் குச்சியை எடுத்துவிடுங்கள். இரும்புக் கம்பியில் உட்கார வைக்கவே வேண்டாம், மலையில் ராத்திரி இரும்பைத் தொட்டுப் பார்த்தால் உங்களுக்கே புரியும். கொய்யாக் கிளையோ வேப்பங்கிளையோ கழுவி வெயிலில் காய வைத்துப் போடுங்கள். உட்கார்ந்து இறகை இறக்கினால் விரல்கள் முழுக்க மறைய வேண்டும், பட்ஜிக்கு நம் சுண்டுவிரல் தடிமன், காக்டெயிலுக்குக் கட்டைவிரல் தடிமன். கூண்டின் உயரமான இடத்தில், துணி மூடுகிற பின்பக்கமாக ஒரு குச்சி கட்டாயம் இருக்கட்டும், ராத்திரி எல்லாம் அங்கேதான் போய் ஒட்டி உட்காரும். நாலு பறவைக்கு ஒரு சாண் குச்சி வைத்துவிட்டு, சண்டை போடுகிறது என்று சொல்லாதீர்கள்.

பானை வைக்கலாமா

வைக்காதீர்கள். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வருஷம் மார்கழியில் என் நீலநிறப் பெட்டை மட்டும் எப்போதும் கொஞ்சம் ஒடுங்கி உட்காருகிற மாதிரி எனக்குத் தோன்றியது. பாவம், உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளட்டும் என்று சின்ன மண்பானை ஒன்றைக் கூண்டில் கட்டிவிட்டேன். அவளுக்கு அது படுக்கை அறை இல்லை, பிரசவ அறை. பட்ஜி தூங்குவதற்குப் பொந்தைத் தேடாது, முட்டை வைக்கத்தான் தேடும். பானையைப் பார்த்ததும் உடம்பு முட்டைக்குத் தயாராகிவிட்டது. தை பிறந்து நாலைந்து நாளில் ஒரு காலை அடித்தட்டில் வாலை ஆட்டிக்கொண்டு, கண் பாதி மூடி, முக்கிக்கொண்டு கிடந்தாள். முட்டை அடைத்துக்கொண்டது. குளிரும் சுண்ணாம்புச் சத்துக் குறைவும் சேர்ந்தால் முட்டையைத் தள்ளுகிற தசை வேலை செய்யாது என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். நான் கூண்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஐப்பசி முதல் மாசி வரை என் கூண்டில் பானை கிடையாது, சுண்ணாம்புச் சத்துக்குக் கொறிக்கிற கடல் நுரை (கணவாய் ஓடு) மட்டும் வருஷம் முழுக்கத் தொங்கும்.

சின்னக் கம்பளிக் குகை மாதிரி தைத்துத் தொங்கவிடுகிற சாமான் ஒன்று விற்கிறார்கள், அதுவும் வேண்டாம். கொறித்து நூலை விழுங்கித் தீனிப்பையில் உருண்டையாக அடைத்துக்கொள்ளும், தவிர அதுவும் ஒரு பொந்துதான்.

ஃபின்ச் வளர்க்கிறவர்களுக்கு நேர் எதிர்க் கதை. வரிக்குதிரை ஃபின்ச், பெங்காலி ஃபின்ச் இவை தூங்குவதற்கே கூட்டுக்குள் போகும், பெங்காலி ஃபின்ச் ஒரே கூட்டுக்குள் ஆறேழு திணித்துக்கொண்டு கிடக்கும். அவற்றுக்குத் தேங்காய் நார்க் கூடு குளிர்காலத்தில் அவசியம். பட்ஜிக்குப் படித்ததை ஃபின்ச்சுக்குச் செய்யாதீர்கள், பக்கத்து வீட்டு ஃபின்ச்சைப் பார்த்து பட்ஜிக்குச் செய்யாதீர்கள்.

சூடு தேவைப்பட்டால்

மேலே சொன்ன எல்லாம் செய்த பிறகும் கூண்டுப் பக்கம் வைத்த தெர்மாமீட்டர் ராத்திரியில் 12க்குக் கீழே போகிறதென்றால், அல்லது வயதான பறவை, இறகு உதிர்க்கிற பறவை, போன வாரம்தான் சமவெளியில் இருந்து வாங்கி வந்த பறவை இருக்கிறதென்றால் சூடு கொடுக்கலாம். இது என் கணக்கு, உங்கள் பறவை பழகியதைப் பொறுத்து இரண்டு டிகிரி அப்படி இப்படி இருக்கும். டிகிரியைவிட வேகம்தான் முக்கியம். ஐப்பசியில் இருந்து மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகிய பறவைக்கு 10 டிகிரியும் பெரிதில்லை, நேற்று வரை மதுரையில் 25 டிகிரியில் தூங்கியதை இன்று கோத்தகிரியில் 10 டிகிரியில் வைத்தால் தாங்காது. பறவை வாங்குவதாக இருந்தால் மலைக்காரர்கள் சித்திரை, வைகாசியில் வாங்குங்கள்.

எளிய வழி குண்டு பல்பு. 40 வாட். எல்இடி பல்பில் சூடு வராது, அதை மாட்டிவிட்டு மனசுக்குத்தான் ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம். பீங்கான் ஹோல்டரில் மாட்டி, கூண்டுக்கு வெளியே, ஒரு பக்கமாக மட்டும், ஒரு அடி தள்ளி வையுங்கள். ஒரு பக்கமாக என்பது முக்கியம். பறவைக்குச் சூடு வேண்டுமானால் கிட்டே வரும், போதும் என்றால் தள்ளிப் போகும். கூண்டு முழுக்கச் சூடாக்கினால் தப்பிக்க இடம் இல்லை. இறக்கையை உடம்பில் இருந்து விலக்கி வைத்து வாயைத் திறந்து மூச்சு விடுகிறதா, சூடு அதிகம், உடனே குறையுங்கள். மூடுகிற துணி பல்பில் இருந்து ஒரு முழமாவது தள்ளி இருக்கட்டும், வழுக்கி விழாதபடி கிளிப் போடுங்கள். வயர் அலகுக்கு எட்டக் கூடாது, காக்டெயிலுக்கு வயர் என்றால் பிஸ்கட் மாதிரி.

பல்பு வெளிச்சத்தில் தூக்கம் கெடும். பத்து, பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும் இவைகளுக்கு. இதற்குத்தான் செராமிக் ஹீட்டர் பல்பு என்று வருகிறது, வெளிச்சமே வராது, சூடு மட்டும். அதன் மேற்பரப்பு கை பட்டால் தோல் உரிந்துவிடும் அளவுக்குக் கொதிக்கும், சுற்றிக் கம்பி வலை கட்டாயம். முட்டை பொரிக்கிற பெட்டிக்கு என்று விற்கிற தெர்மோஸ்டாட் ஒன்றை இடையில் போட்டுவிட்டால் 20 டிகிரியில் தானே அணையும். அப்புறம், ஒரு பெரிய பல்புக்குப் பதில் இரண்டு சின்னது போடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்று பியூஸ் போனாலும் இன்னொன்று இருக்கும். 24 டிகிரியில் தூங்குகிற பறவையின் அறை திடீரென்று 9 டிகிரி ஆவது, முதலில் இருந்தே 11 டிகிரியில் இருப்பதைவிட மோசம்.

கரண்ட் போனால்? எங்கள் ஊரில் மழைக்காலத்தில் மரம் விழுந்தால் ஒரு நாள் முழுக்கக்கூட வராமல் இருக்கும். இடுப்பு வலிக்கு வைக்கிற ரப்பர் வெந்நீர்ப் பை, இல்லாவிட்டால் மூடி இறுக்கமாக இருக்கிற பாட்டிலில் சூடான தண்ணீர், ஒரு துண்டில் சுற்றிக் கூண்டின் பக்கவாட்டில் சாய்த்து வைத்து அதையும் சேர்த்துத் துணியால் மூடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும். பன்னிரண்டு மணிக்கு ஒரு தரம், மூன்று மணிக்கு ஒரு தரம் எழுந்து மாற்றினேன் ஒரு ராத்திரி, மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

அறைக்கே ஹீட்டர் போடுகிறவர்கள் எண்ணெய் அடைத்த ரேடியேட்டர் வகையைப் போடுங்கள், காற்று ஊதுகிற வகை வேண்டாம். எந்த ஹீட்டர் வாங்கினாலும் முதல் நாள் பறவை இல்லாத இடத்தில் சில மணி நேரம் ஓட விட்டு அந்தப் புது வாடை போனதும் உள்ளே கொண்டு வாருங்கள்.

புகை

குளிரைவிட நாம் குளிருக்குச் செய்கிற வைத்தியம்தான் அதிகப் பறவைகளைக் கொல்கிறது என்பது என் எண்ணம். கரிக் கணப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்துவது மலையூர்களில் இன்னும் நடக்கிறது. கரியில் இருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை. பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரைக்கும் கேனரிப் பறவையைக் கூண்டில் வைத்துக் கீழே கொண்டு போனதே இதற்குத்தான், மனிதனுக்கு முன்னால் பறவை விழுந்துவிடும். உங்கள் பட்ஜி விழுந்தால் அடுத்தது நீங்கள்தான். கரிக் கணப்பு யாருக்குமே வேண்டாம்.

நான்ஸ்டிக் தவா இன்னொன்று. அடுப்பில் வைத்துவிட்டு மறந்து, 260, 280 டிகிரியைத் தாண்டிவிட்டால் அந்தப் பூச்சில் இருந்து வருகிற ஆவி நமக்கு இருமலோடு போகும், பறவை நிமிஷங்களில் செத்துவிடும். சமையலறை வேண்டாம் என்றது இதற்காக. கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணி, வாசனை மெழுகுவர்த்தி எல்லாம் அறை மூடியிருக்கிற குளிர்காலத்தில் இரட்டிப்பு விஷம். கொசு இருந்தால் கூண்டின் மேல் பழைய கொசுவலையைப் போடுங்கள், முடிந்தது.

நீலகிரித் தைலத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபிப்பார்கள். பறவை தும்முகிறது என்று தைலத்தைத் துணியில் நனைத்துக் கூண்டில் கட்டுகிறார்கள், சிலர் நெஞ்சிலேயே தடவுகிறார்கள். எண்ணெய் பட்ட இறகு ஒட்டிக்கொள்ளும், உப்பாது, வாடை மூச்சைப் பிடிக்கும். கற்பூரம் கலந்த எந்தத் தைலமும் அப்படித்தான். பிராந்தி ரெண்டு சொட்டு கொடுத்தால் சூடு ஏறும் என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். அவருக்கு ஏறலாம்.

ராத்திரிப் பயமும் மார்கழி மைக்கும்

காக்டெயில் இருந்தால் இது முக்கியம். கும்மிருட்டில் ஒரு சின்னச் சத்தம், பல்லி, எலி, தெருவில் போகிற வண்டியின் வெளிச்சம், எதுவானாலும் திடுக்கிட்டுக் கூண்டுக்குள் தலைகால் தெரியாமல் அடித்துக்கொள்ளும். இறகு பிய்ந்து ரத்தம் வரும், காலையில் அடித்தட்டில் போய்க் குளிரில் ஒடுங்கிக் கிடக்கும். அதனால் அறையின் மறுகோடியில் ஒரு ஜீரோ வாட் பல்பு எரியட்டும். முன்பக்கம் துணியைக் கொஞ்சம் திறந்து வைக்கச் சொன்னது இதற்காகவும்தான், பயந்தால் குச்சி எங்கே என்று அதற்குத் தெரிய வேண்டும். நடுராத்திரியில் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டால் லைட்டைப் பளிச்சென்று போடாமல், மெதுவாகப் பேசிக்கொண்டே போங்கள், உங்கள் குரல் கேட்டால் அடங்கும்.

மார்கழியில் நாலரை மணிக்குக் கோயில் ஸ்பீக்கர் ஆரம்பித்துவிடும். அதை நிறுத்த நம்மால் ஆகாது. கூண்டைத் தெருப்பக்க அறையில் இருந்து உள் அறைக்கு மாற்றினால் கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்தில் பழகியும் விடும், என் ஆண் பட்ஜி இப்போது சுப்ரபாதத்துக்குப் பதில் சொல்கிறான்.

சமவெளிக்காரர்களுக்கு

சென்னையில் ஜனவரி ராத்திரி 20 டிகிரி, அதில் பட்ஜிக்கு ஒரு குறையும் இல்லை. பல்பு கில்பு எதுவும் வேண்டாம். பால்கனியில் இருந்தால் பனி படாமல் மேலே துணி, அவ்வளவு போதும். உங்கள் பிரச்சினை படுக்கை அறை ஏசி. பகலெல்லாம் 33 டிகிரியில் இருக்கிற கூண்டை ராத்திரி ஏசி அறையில் கொண்டு வந்து, காற்று நேராக விழுகிற இடத்தில் வைப்பது, நான் மேலே சொன்ன மதுரை கோத்தகிரி கதையைத் தினமும் ஒரு தரம் நடத்துவது. ஒன்று எப்போதும் ஏசி இல்லாத அறையிலேயே வையுங்கள், இல்லாவிட்டால் 26க்குக் கீழே இறக்காமல் காற்று படாத மூலையில் வையுங்கள். மின்விசிறிக்கு நேர் கீழேயும் வேண்டாம்.

எப்போது டாக்டர்

ராத்திரி உப்பினால் தூக்கம், பகல் பதினொரு மணிக்கும் உப்பிக்கொண்டிருந்தால் நோய். இதை மட்டும் மறக்காதீர்கள். இரண்டு காலையும் ஊன்றி உப்பி உட்கார்ந்திருப்பது, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுவது, அடித்தட்டில் உட்காருவது, தினையைக் கிளறுமே தவிர விழுங்காமல் இருப்பது, எச்சம் தண்ணீராகவோ பச்சையாகவோ போவது, இதில் ஒன்று இருந்தாலும் குளிர் என்று நினைத்துப் பல்பு போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். பறவை நோயைக் கடைசி வரை மறைக்கும். நமக்குத் தெரிகிறபோது ஏற்கெனவே தாமதம்.

டாக்டரிடம் போகிற வரைக்கும் ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில், அடியில் துணி விரித்து, தினையும் தண்ணீரும் எட்டுகிற மாதிரி வைத்து, ஒரு பக்கம் வெந்நீர்ப் பையோ பல்போ வைத்து 28, 30 டிகிரியில் இருட்டாக வைத்திருங்கள். நோயுற்ற பறவைக்கு மட்டும்தான் இந்தச் சூடு. ஊரில் இருக்கிற கால்நடை டாக்டர் மாடு, நாய் மட்டும்தான் பார்ப்பேன் என்றால் பறவை பார்க்கிறவர் யார் என்று அவரிடமே கேட்டு, நம்பரை இப்போதே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கூண்டோடு போகும்போது பஸ் ஜன்னல் காற்று படாமல் மடியில் துணி சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

காலையில் எழுந்ததும் துணியைச் சட்டென்று உருவாதீர்கள். முன்பக்கத்தை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டு, காபி குடித்து முடித்து வந்து மீதியை எடுங்கள். வெயில் வந்தால் அரை மணி நேரம் வெயில் படுகிற இடத்தில் வையுங்கள், பாதிக் கூண்டு நிழலில் இருக்கட்டும். அடித்தாளை மாற்றும்போதே எச்சத்தை ஒரு பார்வை.

பொங்கல் முடிந்ததும் குளிர் போச்சு என்று துணியை எடுத்து மடித்து வைக்கிறவர்கள் உண்டு. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்று பாட்டி சொன்னதை மச்சு வீட்டுக்காரர்கள்கூட மறந்துவிடுகிறார்கள். மாசியில் பகல் வெயில் சுடும், அதை நம்பித்தான் ஏமாறுவது, விடியற்காலை மூன்று மணிக்குப் போய்த் தெர்மாமீட்டரைப் பார்த்தால் தெரியும். பங்குனி பாதியில்தான் நான் துணியைத் துவைத்து உள்ளே வைக்கிறேன். அதுவும் ஒரே நாளில் இல்லை, முதல் வாரம் ஒரு பக்கம், அடுத்த வாரம் இன்னொரு பக்கம், கடைசியாக மேலே.